காலுல இருந்து நரம்பு எடுத்து கையில வைக்கிறாங்களாம், கால் போயிடாதா?

கேள்வி: 2024 ஜூன் 8, சாயங்காலம்

ஏற்காட்டுல இருந்து எழுதுறேன். தம்பிக்கு 22 வயசு, எஸ்டேட்ல கவாத்து வேலை. மார்ச்ல கத்தி நழுவி வலது மணிக்கட்டு உள்பக்கம், சுண்டுவிரல் ஓரமா ஆழமா வெட்டிருச்சு. ஒரு கிளினிக்ல தையல் போட்டாங்க, காயம் ஆறிருச்சு. ஆனா சுண்டுவிரலும் மோதிரவிரல்ல பாதியும் இன்னும் மரத்தே கெடக்கு, அந்த ரெண்டு விரலும் மடங்கிக்கிட்டே போகுது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சதை வத்தி பள்ளமாயிருச்சு. இப்ப சேலத்துல காட்டுனா நரம்பு அறுந்துருக்கு, காலுல இருந்து நரம்பு எடுத்து வச்சு தைக்கணும்ங்கறாங்க. கையும் போச்சு, இனி காலும் போகணுமான்னு அம்மா அழுவுது. மாமா ஒரு எண்ணெய் சொல்றாரு, ஆறு மாசம் தடவுனா தானா வந்துருமாம். யாராவது இந்த ஆபரேஷன் பண்ணிருக்கீங்களா?

ஜூன் 8, ராத்திரி

தங்கச்சி, அந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன் நான். சிவதாபுரம் பக்கம், கொலுசு பட்டறை. எனக்கு முன்னங்கையில மீடியன் நரம்பு, கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்குப் போறது, அறுந்து, இடது கால் நரம்பு எடுத்து வச்சு தைச்சாங்க. கால் போகல. நடக்குறேன், பைக்ல கியர் போடுறேன், ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்துல மணிக்கணக்கா நிக்கிறேன். இதை முதல்ல அம்மாகிட்ட சொல்லிருங்க.

மீதி நாளைக்கு எழுதுறேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிர்றேன், எண்ணெய்க்காக இன்னொரு ஆறு மாசம் குடுத்துராதீங்க. மார்ச்ல வெட்டுனதுன்னா ஏற்கனவே மூணு மாசம் போயிருச்சு.

ஜூன் 9, காலையில

காலுல எடுக்குறதுக்கு சூரல் நரம்புன்னு பேரு. வெளிப்பக்க கணுக்கால் எலும்புக்குப் பின்னாடி ஆரம்பிச்சு கெண்டைக்கால் பின்பக்கமா மேல போகும். இது வெறும் தொடு உணர்ச்சிக்கான நரம்பு, எந்த சதையையும் அசைக்கிற வேலை இதுக்கு கிடையாது, அதனாலதான் உலகம் பூரா டாக்டருங்க முதல்ல இதைத் தேடிப் போறாங்க. எடுத்தா என்ன ஆகும்னா பாதத்தோட வெளி ஓரம், சுண்டுவிரல் பக்கமா ஒரு பட்டை மரத்துப்போகும். ஆரம்பத்துல அகலமா இருக்கும், அப்புறம் பக்கத்து நரம்புங்க அந்த இடத்துக்குள்ள மெல்ல வந்து சேர்றதால சுருங்கிரும். எனக்கு இப்ப ஒரு ரூபா காசு அகலத்துக்குத்தான் மிச்சம். ஒரு காலுல இருந்து 30 செ.மீ.க்கு மேலயே எடுக்க முடியும், மணிக்கட்டுக்கு அவ்வளவு தேவைப்படாது.

தோட்டத்துல செருப்பில்லாம நடக்குற பழக்கம் இருந்தா மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. அந்த ஓரத்துல முள்ளு ஏறுனா தெரியாது.

ஜூன் 9, மத்தியானம்

வச்ச நரம்பு என்ன வேலை செய்யும்னும் சொல்லிர்றேன், இது புரிஞ்சா பயம் பாதி போயிரும். காலுல இருந்து எடுத்து வச்ச துண்டுல பழைய இழை எல்லாம் செத்துரும். செத்துருச்சேன்னு பதறக் கூடாது, அது செத்தாத்தான் வேலை நடக்கும். உள்ள இருக்குற மெல்லிய குழாயும், ஷ்வான் செல்னு ஒரு வகை செல்லும் மிஞ்சும். மேல் பக்கம் உயிரோட இருக்குற நரம்புல இருந்து புது இழை முளைச்சு அந்தக் குழாய் வழியா கீழ இறங்கும். உங்க மலையில மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் புடிச்சு ஏறுதுல்ல, மரம் காய்க்கிறது இல்ல, கொடி ஏற இடம் குடுக்குது. காலு நரம்புக்கும் அந்த வேலைதான்.

ஜூன் 9, ராத்திரி

"ரெண்டு முனையையும் இழுத்துப் புடிச்சு நேரா தைச்சா ஆகாதா, காலை எதுக்கு வெட்டணும்" அப்படின்னு கொண்டலாம்பட்டி தம்பி கேட்டுருக்கு. கத்தி, கண்ணாடி மாதிரி சுத்தமா வெட்டுன காயமா இருந்து, முதல் சில நாளுக்குள்ள கண்டுபுடிச்சிருந்தா அப்படித்தான் தைப்பாங்க, காலைத் தொடவே வேண்டியதில்ல. நாள் ஆக ஆக ரெண்டு முனையும் பின்வாங்கி சுருங்கிரும். மேல் முனையில புது இழைங்க போக வழி இல்லாம சுருண்டு ஒரு முடிச்சு ஆகிரும், நியூரோமான்னு சொல்லுவாங்க. அதையும் கீழ் முனைத் தழும்பையும் நல்ல நரம்பு தெரியுற வரைக்கும் சீவி எடுக்கணும். சீவுனா நடுவுல இடைவெளி விழும். அந்த இடைவெளியை இழுத்து தைச்சா, இழுவை தாங்காம தைச்ச இடம் பூரா தழும்பாயிரும், இழை தாண்டாது. வியன்னாவுல ஹன்னோ மில்லசின்னு ஒரு சர்ஜன், 1970கள்ல இதைத்தான் அழுத்திச் சொன்னாரு. இழுத்து ஒரு தையல் போடுறதைவிட, இழுவையே இல்லாம நடுவுல ஒட்டு, அதாவது வேற இடத்து நரம்புத் துண்டு, வச்சு ரெண்டு பக்கமும் தைக்கிறது மேலுன்னு. அதுக்கப்புறம்தான் இந்த ஆபரேஷனுக்கே நம்பிக்கை வந்துச்சு.

ஒட்டை இடைவெளியைவிட கொஞ்சம் நீளமாவே வெட்டுவாங்க. கையை நீட்டி மடக்கும்போது இழுக்கக் கூடாதுன்னு.

ஜூன் 10

இன்னொண்ணு விட்டுப்போச்சு. சூரல் நரம்பு மெல்லிசு, கையில உள்ளது தடிமன். அதனால சூரலை துண்டு துண்டா வெட்டி மூணு நாலு இழையா பக்கத்துல பக்கத்துல வைப்பாங்க. தடியா ஒரே நரம்பா கிடைச்சாலும் அது நல்லதில்ல. வச்ச முதல் சில நாளு ஒட்டுக்கு ரத்த ஓட்டமே கிடையாது, சுத்தி இருக்குற சதையில ஊறுறதை உறிஞ்சித்தான் பொழைக்கணும். தடிமனா இருந்தா நடுப்பகுதிக்கு அது போய்ச் சேராம செத்துரும். தைக்கிற நூலு தலைமுடியைவிட மெல்லிசு, 9-0, 10-0ங்கற அளவு நைலான், மைக்ராஸ்கோப் இல்லாம கண்ணுக்குச் சரியா தெரியாது. சில பேர் தையலோட ஃபைப்ரின் பசையும் (ரத்தம் உறையவைக்கிற பொருள்ல செஞ்சது) போடுவாங்க.

பட்டறையில நாங்க சலங்கைக்குப் பத்தவைக்கிற வேலையை ரொம்ப நுணுக்கம்னு பெருமையா பேசுவோம். எனக்கு ஆபரேஷன் பண்ண டாக்டர் வீடியோ காட்டுனாரு. பாத்துட்டு எந்திரிச்சு கும்புட்டேன்.

ஜூன் 10, மதியத்துக்கு மேல

மேல ஒருத்தர் "நரம்பு ஒரு நாளைக்கு 1 மி.மீ. வளரும், மணிக்கட்டுல இருந்து அந்த வத்துன சதைக்கு 10 செ.மீ., அப்ப 100 நாள்ல கை சரி" அப்படின்னு கணக்கு போட்டுருக்காரு. தயவுசெஞ்சு தங்கச்சி இதை தம்பிகிட்ட சொல்லிராதீங்க, 101-வது நாள் அவன் உடைஞ்சு போயிருவான். 1 மி.மீ. சரிதான், ஆனா வெட்டுன நரம்பு கிளம்பவே வாரக்கணக்கு ஆகும். ஒட்டுக்கு ரெண்டு பக்கமும் தையல் இருக்கு, ரெண்டையும் தாண்டணும், அங்க வேகம் குறையும். சதையைத் தொட்ட அன்னைக்கே சதை அசையாது, இணைப்பு முத்தணும். மணிக்கட்டுல அறுந்து ஒட்டு வச்சா முதல் அசைவுக்கே அஞ்சாறு மாசம், பலம் வர ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு மனசுல வச்சுக்கச் சொல்லுங்க.

ஜூன் 11

காலம் ஏன் இவ்வளவு முக்கியம்னு ஒரு வார்த்தை. நரம்பு அறுந்தா அறுந்த இடத்துக்குக் கீழ உள்ள இழை எல்லாம் சில வாரத்துல சிதைஞ்சு போயிரும். அகஸ்டஸ் வாலர்னு ஒருத்தர் தவளை நாக்கு நரம்பை வெட்டிப் பாத்து 1850லயே இதை எழுதிட்டாரு, இன்னிக்கும் வாலேரியன் சிதைவுன்னுதான் பேரு. சிதையுறது பிரச்சினை இல்ல, மேல இருந்து புது இழை முளைச்சு வரும். சதைதான் காத்துக்கிட்டு இருக்காது. நரம்பு தொடாத சதை வத்தி வத்தி, ஒரு வருஷத்துல இருந்து ஒன்றரை வருஷத்துக்குள்ள, நரம்பு வந்து தொட்டாலும் ஏத்துக்காத நிலைக்குப் போயிரும். தொடு உணர்ச்சிக்கு இவ்வளவு கறார் கிடையாது, லேட்டா பண்ணாலும் ஓரளவு வரும்.

இப்ப கணக்கு போடுங்க. மூணு மாசம் போயிருச்சு, நரம்பு போய்ச் சேர அரை வருஷம். மாமா சொல்ற ஆறு மாசத்தையும் நடுவுல போட்டா எங்க வந்து நிக்குது? மாமா மேல கோவம் இல்ல, அவரு நல்லதுன்னு நினைச்சுத்தான் சொல்றாரு. ஆனா 22 வயசுப் பையனோட வலது கை.

ஜூன் 13

நேத்து முழுக்க யோசிச்சேன். நான் எழுதுனதைப் படிச்சுட்டு கை மரத்துப்போன எல்லாரும் கத்தி வைக்கச் சொல்லி ஓடக் கூடாது. அம்மாபேட்டைல இருந்து ஒருத்தர், படியில விழுந்து மேல்கை எலும்பு உடைஞ்சு மணிக்கட்டு தொங்கிப்போச்சு, டாக்டர் மூணு மாசம் பாக்கலாம்ங்கறாரு, ஏமாத்துறாரான்னு கேட்டுருக்காரு. ஏமாத்தல அண்ணா. உங்களோடது வெளிக்காயம் இல்லாத அடி. எலும்பு உடையும்போது ரேடியல் நரம்பு, மணிக்கட்டைத் தூக்குற சதைக்குப் போறது, நசுங்கவோ இழுபடவோ செய்யும், பெரும்பாலும் அறுந்துருக்காது, தானாவே திரும்பிரும். அதுக்குத்தான் காத்திருக்கச் சொல்றது, அதுவரைக்கும் மணிக்கட்டைத் தூக்கிப் புடிக்கிற ஸ்ப்ளின்ட் போட்டே ஆகணும்.

செடன்னு ஒரு இங்கிலாந்து சர்ஜன் இரண்டாம் உலகப்போர் நேரத்துல, 1943ல, மூணு வகையா பிரிச்சாரு. முதல் வகையில நரம்பு முழுசா இருக்கும், சேதி போறது மட்டும் தடைபட்டுருக்கும், வாரக்கணக்குல சரியாகும். ரெண்டாவதுல உள்ள இழை அறுந்து வெளிக்கூடு மட்டும் நிக்கும், மாசக்கணக்குல தானா வளரும். மூணாவது, முழுசா அறுந்தது, கத்தி வைக்காம வராது. கூர்மையான வெட்டு, வெட்டுக்குக் கீழ மரப்பு, ரெண்டும் சேர்ந்து இருந்தா மூணாவது வகைன்னே எடுத்துக்கிட்டு திறந்து பாக்கணும். அங்க "பொறுத்துப் பாப்போம்" கூடாது. மூடுன அடியில பொறுக்கணும். இந்த ஒரு வித்தியாசம் நம்ம ஊர்ல ஒவ்வொரு கிளினிக்லயும் சுவத்துல எழுதி ஒட்டணும்னு எனக்கு ஆசை.

ஜூன் 16, ஞாயிறு

என் கதை கேட்டீங்க. சித்திரை மாசக் காத்து மழைல பட்டறை கூரைத் தகரம் பிச்சுக்கிட்டு வந்துச்சு, தடுக்கக் கையை நீட்டினேன், முன்னங்கை நடுவுல இறங்கிருச்சு. ரத்தத்தை நிறுத்தி, தோலைத் தைச்சு, ஊசி போட்டு அனுப்பிட்டாங்க, எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேணாம். விரல் மரத்துருக்குன்னு சொன்னேன், வீக்கம் வடிஞ்சா சரியாகும்னாங்க. யாரும் ஒரு பஞ்சை எடுத்து விரல் நுனியைத் தொட்டு "தெரியுதா"ன்னு கேக்கல. அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தா என் கால் நரம்பு காலுலயே இருந்திருக்கும்.

மீடியன் போச்சுன்னா கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல்ல பாதி, இதுல தொடுறது எதுவும் தெரியாது. கொலுசு வேலைக்கு அந்த மூணு விரல்தான் கண்ணு. சாமணம் புடிச்சிருக்கோமா இல்லையான்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். வளையம் கோக்க முடியல. ஒரு நாள் பத்தவச்ச வெள்ளியை ஆறுறதுக்குள்ள எடுத்துட்டேன், தோல் கருகுற வாடை வந்தப்பதான் பாத்தேன், விரல் நுனி வெந்துருச்சு, வலியே இல்ல. வீட்டுக்காரி அன்னைக்கு அழுத மாதிரி அழுது நான் பாத்ததில்ல. வலி இல்லாததுக்கு அழுதா.

அப்புறம் கோயம்புத்தூர்ல காட்டுனோம். தழும்பு மேல விரலால தட்டுனாரு, ஆள்காட்டி விரல் வரைக்கும் சுரீர்னு கரண்ட் பாஞ்சுச்சு. தழும்புக்குக் கீழ தட்டுனா ஒண்ணுமே இல்ல. "இழை இங்க வரைக்கும் வந்து முட்டிக்கிட்டு நிக்குது, போக வழி இல்ல"ன்னாரு. ஈ.எம்.ஜி., அதான் சதைக்கு நரம்பு சேதி போகுதான்னு பாக்குற டெஸ்ட், எடுத்தாங்க, அதுவும் அதையே சொல்லுச்சு. திறந்து, முடிச்சை வெட்டி எடுத்ததும் அஞ்சு செ.மீ. கிட்ட இடைவெளி. முழு மயக்கம், பல மணி நேரம். கண்ணு முழிச்சப்ப கையைவிட காலுதான் வலிச்சுச்சு. அதை யாரும் முன்னாடியே சொல்லல, அதான் உங்களுக்குச் சொல்றேன்.

ஜூன் 17

அந்தத் தட்டிப் பாக்குறதுக்கு டினெல் சைன்னு பேரு. 1915ல பிரான்ஸ்ல டினெல், ஜெர்மனியில ஹாஃப்மன், ரெண்டு பேரும் ஒரே வருஷம் தனித்தனியா எழுதுனாங்க, அப்ப அந்த ரெண்டு நாட்டுக்கும் நடுவுல முதல் உலகப்போர். ரெண்டு பக்கமும் கை கால் நரம்பு அறுந்த சிப்பாய்ங்க அவ்வளவு பேர்.

தம்பிக்கு அறுந்தது அல்நார் நரம்பு, சுண்டுவிரல் பக்கமா போறது. வீட்டுல ஒண்ணு செஞ்சு பாருங்க. ஒரு பேப்பரை ரெண்டு கை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தட்டையா வச்சு இழுக்கச் சொல்லுங்க. அடிபட்ட கையில கட்டைவிரல் நுனி மடங்கிப் புடிக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த மடக்கு குறையுறதைப் பாத்தே முன்னேத்தம் தெரியும். மணிக்கட்டுல அறுந்ததுல ஒரு நல்லது இருக்கு, அந்த இடத்துல அசைவுக்கான இழைக் கட்டும் உணர்ச்சிக்கான கட்டும் தனித்தனியா பிரிஞ்சு இருக்கும், சர்ஜன் சரியா ஜோடி சேத்து தைக்க முடியும். போக வேண்டிய தூரமும் கம்மி. முழங்கைக்கு மேல அறுந்தவங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்ல.

ஜூன் 23

பணத்துக்கு. சேலம் ஜி.எச்.ல காப்பீட்டு கவுண்டர் இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லைன்னா ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு முதல்ல அங்க போங்க. மைக்ராஸ்கோப் வச்சு நரம்பு தைக்கிற சர்ஜன் யாருன்னு பேரைச் சொல்லியே கேளுங்க, கூச்சப்படாதீங்க. வெளிய போறதா இருந்தா கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி கை அறுவைக்கு நாடறிஞ்ச இடம், சென்னைல அரசு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில கைக்குன்னே தனித்துறை ரொம்ப காலமா இருக்கு.

காலைத் தொடாம செயற்கைக் குழாய் வைக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. வைக்கிறாங்க, கொலாஜன்ங்கற புரதத்துல செஞ்ச குழாய். சின்ன இடைவெளி, 3 செ.மீ.க்குள்ள, விரல் நரம்பு மாதிரி உணர்ச்சி நரம்புக்கு. இறந்தவங்க நரம்புல செல்லை எல்லாம் நீக்கிப் பதப்படுத்தினதும் வெளிநாட்டுல விக்குது, விலை அதிகம். அசைவும் உணர்ச்சியும் கலந்த நரம்புக்கு, இடைவெளி பெருசா இருந்தா, நம்ம காலு நரம்புக்குத்தான் இன்னும் முதல் இடம். செலவும் இல்ல, உடம்பு தள்ளவும் தள்ளாது.

ஜூலை 2

நரம்பு மாத்திரை. மெடிக்கல் ஷாப்ல கேக்குறவங்களுக்கெல்லாம் பி12 குடுக்குறாங்க. உடம்புல பி12 குறைவா இருந்தா கண்டிப்பா வேணும். அறுந்த ரெண்டு முனைக்கு நடுவுல உள்ள இடைவெளியை எந்த மாத்திரையும் மூடாது, எண்ணெயும் மூடாது. தழும்பு இளகுறதுக்கு, மூட்டு விறைக்காம இருக்குறதுக்கு எண்ணெய் தடவி நீவி விடுங்க, ஆபரேஷனுக்கு அப்புறம், டாக்டர் சரின்னதும். மாமாவையே தடவச் சொல்லுங்க, அவருக்கும் மனசு ஆறும்.

சிகரெட் புடிச்சா நிறுத்தச் சொல்லுங்க. ரத்த ஓட்டம் இல்லாம ஒட்டு பொழைக்காது.

ஜூலை 20

ஆபரேஷன் முடிஞ்சுதுன்னு தங்கச்சி எழுதுனதைப் பட்டறையில எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனேன். மூணு வாரம் போல கட்டு, ஸ்ப்ளின்ட், அப்புறம் பிசியோ. இந்தக் காலம்தான் கொடுமை. தையல் பிரிச்சாச்சு, ஆனா கையில ஒரு மாத்தமும் இருக்காது, மாசக்கணக்கா இருக்காது. பாக்க வர்றவங்க "என்னடா, காசு போட்டும் அப்படியே இருக்கு"ன்னு கேப்பாங்க. தம்பிக்கு முன்னாடி இதை யாரும் பேசாம பாத்துக்கங்க. தினமும் மத்த கையால அந்த விரல்களை முழுசா நீட்டி மடக்கணும். நரம்பு வந்து சேரும்போது மூட்டு விறைச்சுக் கெடந்தா வந்தும் பிரயோஜனம் இல்ல.

அடுப்பு, வெந்நீர், சைலன்சர், மூணுக்கும் அந்தக் கையைக் கொண்டு போகக் கூடாது.

ஆகஸ்ட் 18

இன்னைக்கு அடிவாரத்துல ஒரு பையன் விழுந்து கெடந்ததைப் பாத்துட்டு வந்து எழுதுறேன், கை நடுங்குது. சனி ஞாயிறுல ஏற்காடு ரோட்டுல அந்த 20 கொண்டை ஊசி வளைவுலயும் பைக்கைச் சாய்ச்சு ஓட்டுறானுங்க. விழுந்தா தலை ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் இழுபட்டு கழுத்துல இருந்து கைக்கு வர்ற நரம்புக் கொத்தே பிஞ்சுரும், பிரேக்கியல் பிளெக்ஸஸ். கை மொத்தமா தொங்கிரும். சில சமயம் தண்டுவடத்துல இருந்து வேரோட பிஞ்சு வந்துரும், அப்ப ஒட்டு வைக்கவும் வழியில்ல, தைக்க மேல் முனையே கிடையாது. அதுக்கு பக்கத்துல வேலை செய்யுற நரம்புல ஒரு பங்கை எடுத்து திருப்பி விடுவாங்க. 1994ல ஓபர்லின்னு பிரெஞ்சு சர்ஜன் அல்நார் நரம்புல ஒரே ஒரு இழைக்கட்டைப் பிரிச்சு முழங்கை மடக்குற சதைக்கு இணைச்சாரு, அந்த வழி இப்ப எல்லா இடத்துலயும் பண்றாங்க. அதுக்கும் மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள போயாகணும்.

விபத்துன்னா முதல் 48 மணி நேரம் தமிழ்நாடு அரசு செலவு ஏத்துக்கும், நம்மைக் காக்கும் 48, 2021ல இருந்து இருக்கு. எலும்பு, தலை எல்லாம் பாத்து முடிச்சதும் "கை விரல் அசையுதா, தொட்டாத் தெரியுதா"ன்னு வீட்டு ஆளுங்களே கேட்டு எழுதி வாங்கிக்கங்க.

அக்டோபர் 6

தழும்பைத் தட்டுனா கரண்ட் அடிக்கிற இடம் உள்ளங்கைக்கு இறங்கிருச்சுன்னு தங்கச்சி போட்டுருக்கு! இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். வழி திறந்துருச்சு.

இனி உணர்ச்சிப் பயிற்சி. இழைங்க எல்லாம் பழைய குழாய்க்கே போய்ச் சேராது, மாறிப் போகும். எனக்கு ஆள்காட்டி விரலைத் தொட்டா நடுவிரல்ல தெரிஞ்சுச்சு, ஆரம்பத்துல பயந்து போனேன். மூளை புதுசா படிச்சுக்கணும், படிக்க வைக்கணும். முதல்ல கண்ணைத் திறந்துக்கிட்டு தொடணும், அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு அதே இடத்தைத் தொட்டு சொல்லணும். துணி, பஞ்சு, உப்புத்தாள்னு மாத்தி மாத்தி. நான் கேழ்வரகுல சலங்கை மணியைப் புதைச்சு வச்சு, பாக்காம எடுத்துப் பழகுனேன். தம்பி அரிசிக்குள்ள மிளகும் காபிக்கொட்டையும் போட்டுத் தேடட்டும், வீட்டுலயே கெடக்குது. தினமும் கொஞ்ச நேரம், நாளைக்கு நாலஞ்சு தடவை. ஒரே மூச்சுல மணிக்கணக்கா பண்ணா சலிச்சுப்போய் விட்டுருவாங்க.

முழுசா பழையபடி வருமான்னா, பெரியவங்களுக்கு வராது. சின்னப் பசங்களுக்கு நல்லா வரும். எனக்கு இப்ப சாமணம் புடிக்கத் தெரியுது, சூடு தெரியுது, வளையம் கோக்குறேன். ரொம்ப மெல்லிசு வேலையை என் கூடப்பொறந்த தங்கச்சி மகன் செய்யுறான். இதுக்கே நான் அந்த டாக்டருக்கு ஆயுசு பூரா கடமைப்பட்டவன்.

டிசம்பர் 15

குளிரு. நரம்பு அடிபட்ட கைக்கு குளிர் ஆகாது, வருஷக்கணக்கா ஆகாது. விரல் நீலம் பாயும், உள்ளுக்குள்ள குடையும். எனக்கு சேலத்துலயே மார்கழி காலையில தாங்கல, நீங்க மலை மேல, மூடுபனியில. கம்பளி கையுறை, தண்ணியில கை வைக்குற வேலையை வெயில் வந்ததும். நெருப்புல காட்டி சூடு ஏத்தக் கூடாது, இன்னும் உணர்ச்சி முழுசா இல்ல. ராத்திரி எரிச்சல் தாங்க முடியலைன்னா அதுக்கு தனி மாத்திரை இருக்கு, டாக்டர்கிட்ட கேக்கணும், சாதாரண வலி மாத்திரை கேக்காது.

2025 ஜனவரி 12

ராசிபுரத்துல இருந்து ஒரு அம்மா. வீட்டுக்காரருக்கு அல்நார் அறுந்து நாலு வருஷம், விரல் மடங்கியே போச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்களாம். அந்தச் சதைக்கு ஒட்டு வைக்கிற காலம் தாண்டிருச்சும்மா, அது உண்மை. ஆனா கைக்கு வழி இருக்கு. நல்லா வேலை செய்யுற வேற சதையோட தசைநாணை எடுத்து, மடங்குன விரலுக்கு மாத்திக் கட்டுற ஆபரேஷன் உண்டு. இதுக்கு நரம்பு வளர காத்திருக்க வேண்டியதில்ல, வருஷம் ஆனாலும் பண்ணலாம்.

உங்களுக்குப் பக்கத்துல கொல்லிமலையில 1914ல பொறந்தவர் பால் பிராண்ட், மிஷனரி வீட்டுப் பிள்ளை. அவர் 1940கள்ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால விரல் மடங்கினவங்க கைக்கு இந்த தசைநாண் மாத்துற வேலையைச் செஞ்சு உலகத்துக்கே காட்டுனாரு. அதுக்கு முன்னாடி அந்தக் கைகளை யாரும் தொடவே தயாரா இல்ல. அதே அல்நார் நரம்பு, அதே மடங்குன விரல். அப்பவே முடிஞ்சது இப்ப முடியாதா.

போகுறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. மடங்குன விரல்களை உங்க கையால நீட்டிப் பாருங்க. முழுசா நீளுதுன்னா சீக்கிரம் பண்ணிரலாம். விறைச்சிருந்தா முதல்ல சில மாசம் பிசியோ, ஸ்ப்ளின்ட் போட்டு மூட்டை இளக்கச் சொல்லுவாங்க, அப்புறம்தான் கத்தி. பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டுப் போங்க, கை அறுவை பாக்குற டாக்டர்கிட்டயே போங்க.

ஜனவரி 13

ராசிபுரம் அம்மாவுக்கு இன்னொண்ணு. உணர்ச்சி இல்லாத அந்தச் சுண்டுவிரல் ஓரத்துல காப்பு, சின்னப் புண், கொப்புளம் இருக்கான்னு தினமும் ராத்திரி நீங்க பாருங்க. அவருக்கு வலிக்காது, அவரு சொல்ல மாட்டாரு.